மல்சாக் ஸ்டியரிங்கில் பழுது இல்லை

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரை நான் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கையில் எடுப்பேன். சாப்பிட்டுக்கொண்டே படித்தால் இரண்டும் உருப்படாது. போன ஞாயிறும் அப்படித்தான், பாலாடைக்கட்டியை முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு பேப்பரைப் பிரித்தேன். லியோனில் மூடிப்போன கார் கம்பெனிகளைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தார்கள். எங்கள் மல்சாக்குக்கு நாலே வரி. கடைசி வரியில், ‘சொந்தக் காரின் ஸ்டியரிங் பழுதால் முதலாளியையே பலிகொடுத்த கம்பெனி’ என்று போட்டிருந்தது. அதனால்தான் ஐயா உங்களைத் தேடி வந்தேன். நீங்கள் விசாரணை நீதிபதி. நீங்கள் எழுதிவிட்டால் பேப்பர்காரன் மாற்றிப் போட்டுத்தானே ஆக வேண்டும்.

என் பெயர் அன்செல்ம் பூஸே. மல்சாக்கில் சோதனை ஓட்டுநர். பட்டறை வாசலைத் தாண்டிய எந்த வண்டியும் என் கை படாமல் போனதில்லை. எங்கள் முதலாளி, பெரிய மல்சாக், முதலில் பட்டுத் தறிகளுக்குப் பல்சக்கரம் வார்த்துக்கொண்டிருந்தவர். அதே கொட்டகையில்தான் முதல் காரைச் செய்தார். வக்கீல்கள் வாங்கினார்கள், டாக்டர்கள் வாங்கினார்கள், ஒரு பிஷப்கூட வாங்கினார். இன்ஜின் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று மூடியைத் தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அவ்வளவு அமைதி. சண்டைக் காலத்தில் ஆம்புலன்ஸ் செய்தோம். சண்டை முடிந்ததும் பாரிஸிலிருந்து மலிவான கார்கள் வந்து குவிந்தன. மலிவாகச் செய்ய மாட்டேன் என்று பெரியவர் சொல்லிவிட்டார். போன வருஷக் குளிரில் அவர் போய்ச் சேர்ந்தார். மகன் ஒக்தாவ் பொறுப்புக்கு வந்தார்.

ஒக்தாவ் கெட்டவர் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பட்டறைக்கு எதிரே பிலொமேன் என்ற அம்மாள் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாள். காலை வேலைக்கு நடுவே அங்கே போய்க் குடல் வறுவலும் ஒரு குவளை வைனும் சாப்பிடுவது எங்கள் வழக்கம். ஏப்ரலில் ஒரு நாள் ஒக்தாவும் வந்து எங்கள் பெஞ்சில் உட்கார்ந்தார்.

“இனிமே கார் கிடையாது, பூஸே. ஆஸ்பத்திரிங்களுக்கு இரும்புக் கட்டில் செய்யப்போறோம். ஆர்டர் கையில இருக்கு. ஒருத்தரையும் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்.”

பிலொமேன் தட்டை வைத்துக்கொண்டே சிரித்தாள். “அப்ப நம்ம பூஸே என்ன பண்ணுவாரு? ஒவ்வொரு கட்டில்லயும் படுத்துப் பார்த்து, சரியா இருக்குன்னு சொல்லுவாரா? நல்லா தூங்கிச் சம்பாதிக்கலாம், போங்க.”

பெஞ்சே சிரித்தது. நானும் சிரித்தேன். ஒக்தாவ் என் தோளைத் தட்டி, “கோவிச்சுக்காதீங்க, உங்களுக்கு எப்பவும் ஒரு இடம் இருக்கு” என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்குக் கோபம் வரவில்லை. வயிறு எரியவில்லை. எதுவுமே வரவில்லை. தட்டில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

நான் யோசித்ததெல்லாம் கம்பெனியைப் பற்றித்தான். மகன் இல்லாவிட்டால் பொறுப்பு அவருடைய அம்மாவிடம் போகும். அந்த அம்மாள் புருஷன் பெயரைக் காப்பாற்றுவாள், கட்டில் பேச்சை விட்டுவிட்டுக் கார்தான் செய்வாள் என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

வண்டிக்குப் பாடி கட்டும் முன்னால் வெறும் சேஸிஸை மலைப்பாதையில் ஓட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். நாலு சக்கரம், இன்ஜின், ஸ்டியரிங், அடியில் பலகை, அவ்வளவுதான். கதவு கிடையாது, பக்கத்தில் தடுப்பு கிடையாது. பாடியின் எடைக்குப் பதிலாக மணல் மூட்டைகளை ஏற்றிக் கயிறு போட்டு இறுக்குவோம். ஓட்டுகிறவனுக்கு ஒரு மரப்பெட்டி. கூட வருகிறவர் மூட்டை மேல் உட்கார வேண்டியதுதான்.

கடைசிச் சேஸிஸ் தயாரானதும் ஒக்தாவிடம் போனேன். “நான் முதல்முதலா ஓட்டினப்ப உங்க அப்பா என்கூட வந்தாரு. கடைசி வண்டிக்கு நீங்க வரணும், சின்ன முதலாளி” என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது.

“வராம இருப்பேனா, பூஸே” என்றார்.

மூட்டைகளை நானே கட்டினேன். வலப் பக்கத்தை இறுக்கினேன். இடப் பக்கத்துக் கயிற்றைச் சும்மா சுற்றிவிட்டேன். எங்கள் வண்டிகளில் ஸ்டியரிங் வலப் பக்கம் இருக்கும். அவர் உட்கார்ந்தது இடப் பக்கம்.

மேட்டில் ஏறும்போது அவர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே வந்தார். “சத்தமே இல்லாம ஏறுது பாருங்க. இதை விட்டுட்டுக் கட்டில் செய்யணும்னு எனக்கு மட்டும் ஆசையா? அத்தனை குடும்பத்துக்கு நான் பதில் சொல்லணுமே.” வாஸ்தவம்தான் என்றேன். நான் பொய் சொல்லவில்லை, அது வாஸ்தவம்தான்.

இறக்கத்தில் வலப் பக்கம் திரும்பும் வளைவு ஒன்று உண்டு. இடப் பக்கம் பள்ளம். வேகத்தைக் குறைக்காமல் திருப்பினேன். மூட்டைகள் சரிந்தன, அவரும் கூடவே சரிந்தார்.

அடுத்த வளைவைத் தாண்டி, வண்டியை நானே கல்சுவரில் கொண்டுபோய் இடித்தேன். விபத்து மாதிரி இருக்க வேண்டுமே. ஸ்டியரிங் தண்டு முறிந்தது அப்போதுதான். என் தோள்பட்டையும்தான். அந்தச் சேஸிஸை நினைத்தால் இன்றைக்கும் மனசு கேட்பதில்லை. குறை சொல்ல முடியாத வண்டி அது. போலீஸ்காரர்கள் முறிந்த தண்டைப் பார்த்து அவர்களாகவே முடிவு கட்டினார்கள், நானும் வாயைத் திறக்கவில்லை. நான் செய்த தப்பு அது ஒன்றுதான்.

மகனைப் புதைத்த கையோடு அந்த அம்மாள் பட்டறையைப் பழைய இரும்புக்காரனுக்கு விற்றுவிட்டாள். கட்டில் ஆர்டர் வேறு ஊருக்குப் போயிற்று. பட்டறை ஆட்கள் ஆற்றங்கரையில் மூட்டை இறக்க அலைகிறார்கள். பிலொமேன் கடையில் காலையில் ஈ ஓட்டுகிறாள். “அந்தப் பிள்ளை இருந்திருந்தா எல்லாரும் இங்க உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருப்பீங்க” என்று என்னிடமே சொல்கிறாள். அவளுக்குக் காரைப் பற்றி என்ன தெரியும்.

அவர் உடனே விழுந்துவிட்டாரா என்று கேட்கிறீர்கள். இல்லை ஐயா. சேஸிஸின் இரும்புச் சட்டத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். கால் இரண்டும் சாலையில் இழுபட்டு வந்தன. “பூஸே, நிறுத்துங்க, நிறுத்துங்க” என்று கூப்பிட்டார். அடுத்த வளைவு வரைக்கும் கூப்பிட்டார். இதையும் பேப்பரில் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். மல்சாக்கில் ஸ்டியரிங் மட்டுமில்லை, பிரேக்கும் அருமையான பிரேக். நான்தான் அதை மிதிக்கவில்லை.