ஸ்டெப்னி மாட்டுற இடம்

இல்லீங்க டாக்டர், தப்பா மாட்டல. தெரிஞ்சேதான் பானெட் மேல மாட்டியிருக்கு. டாக்டர் இல்லையா நீங்க? பரவால்ல, மெதெயின் பட்டணத்துலருந்து இஸ்திரி போட்ட சட்டையோட யார் வந்தாலும் இங்க டாக்டர்தான். உக்காருங்க. ஒரு தின்தோ குடிங்க, கடுங்காப்பிதான், சீனி போட்டாச்சு.

அந்த வண்டிப் புஸ்தகத்தக் காட்டுங்க. ம்... சரிதான். இதே டொயோட்டா, ஸ்டெப்னி பின்கதவுக்கு வெளியே தொங்குது. இது எந்த நாட்டுக்குப் போன வண்டின்னு போட்டிருக்கா? போடல பாருங்க. ஸ்டெப்னிக்கு இதுதான் இடம்னு ஒண்ணு கிடையாதுங்க. சண்டைக்குப் போன வில்லிஸ் ஜீப்புல முதுகுல இருந்துச்சு. சண்டை முடிஞ்சு அதே ஜீப்பு காப்பித் தோட்டத்துக்கு வந்துச்சு, ஸ்டெப்னி விலாவுக்கு வந்துருச்சு. பின்னால மூட்டை ஏத்தணுமில்ல? இங்கிலீஷ்காரன் லேண்ட் ரோவருக்கு மூக்கு மேலயே வச்சான். எங்க சித்தப்பா மவன் ஆர்ஹெமிரோ வெனிசுலாவுலருந்து ஒண்ணு ஓட்டிட்டு வந்தான். அதுல பின்னால ஒரு இரும்புக் கை, கை நுனியில ஸ்டெப்னி. கையத் திருப்பினாத்தான் கதவு தெறக்கும்.

ஆள் ஏத்தி ஓட்டலாம்னு நான் வாங்குறப்போ இதுல ஸ்டெப்னி உள்ள இருந்துச்சு. பின்கதவோரமா, பெல்ட்டு போட்டுக் கட்டி. ஒரு ஆள் எடத்தத் தின்னுட்டு, டிக்கெட் வாங்காத பிரயாணியாட்டம் உக்காந்திருக்கும்.

என்னது? பானெட் மேல இருந்தா ரோடு தெரியுமாவா? தெரியாது. வலப்பக்கம் பள்ளம் வந்தா விழுந்தப்புறந்தான் தெரியும். குண்டிக்குக் கீழ ரெண்டு தலகாணி போட்டுக்கிட்டு ஓட்டுறேன். ஊர்ல சிரிக்காத ஆளு இல்ல.

மார்லேனியும் சிரிக்கிறவதான். என் சம்சாரம். மேல லா கிறிஸ்தலினா பள்ளிக்கூடத்துல சமையல் வேல அவளுக்கு. காலையில வண்டி ரொம்பிடும். அவ எல்லாரையும் உக்கார வச்சிட்டுப் பின்படியில நின்னுக்கிட்டு வருவா. மழைன்னாலும் அதான். உள்ள வாடின்னா, எங்கய்யா வர்றது, உன் ஸ்டெப்னி மடியிலயான்னு கேப்பா. வண்டியே சிரிக்கும்.

எனக்குப் பொறுக்கல. ஆர்ஹெமிரோ வண்டியில அளவெடுத்துட்டுப் போயி, வெல்டிங் பட்டறையில அதேமாதிரி ஒரு கை செய்யச் சொன்னேன். நல்லா கெட்டியா வேணும்னு நாந்தான் சொன்னேன். ஸ்டெப்னி வெளிய போச்சு, அவளுக்குக் கதவோரம் எடம் கெடச்சுது. மொத நாளு பீன்ஸ் மூட்டைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்து, ஊரே பாக்கட்டும்னு கையாட்டிக்கிட்டே வந்தா.

ரெண்டு மாசம் அப்படிப் போச்சுங்க.

நவம்பர். பள்ளிக்கூடம் விட்டுத் திரும்பி வர்றோம். ஆத்துல எப்பவும் எறங்குற எடந்தான், முழங்காத் தண்ணி. மேல எங்கயோ மழை பேஞ்சிருக்கு, எங்களுக்குத் தெரியாது. நடு ஆத்துல சக்கரம் குழியில எறங்கிருச்சு. வண்டி பின்னால சறுக்கி, போயி ஒரு பாறையில முதுகச் சாய்ச்சுக்கிட்டு நின்னுச்சு. நான் குதிச்சு, வண்டியப் புடிச்சுக்கிட்டே பின்னால போயிப் பாத்தா, பாறைக்கும் கதவுக்கும் நடுவுல ஸ்டெப்னி. கை அசையல. நல்லா கெட்டியாத்தான் செஞ்சிருந்தான்.

ஜன்னலா? கண்ணாடி பாதிதான் நகரும். ஒரு புள்ள தலகூட நுழையாது.

அந்தப் பக்கத்துக் கதவத் தண்ணி அமுக்கிக்கிட்டு நிக்குது, முன்சீட்டத் தாண்டி, என் கதவு வழியா வரணும், வேற வழியில்ல. தண்ணி சீட்டு மட்டம் வந்துருச்சு. உள்ள ஏழு பேரு. அவ சத்தம் போடுறா, பள்ளிக்கூடத்துல போடுற அதே சத்தம். வரிசையா வாங்க, இடிக்காதீங்க, சூப்பு எல்லாருக்கும் இருக்குங்குறா. ஒரு புள்ள சிரிச்சுச்சுங்க. நான் கேட்டேன். மூணு புள்ளைங்கள வாங்கினேன். டீச்சரம்மா. ஒரு கர்ப்பிணிப் பொண்ணு. அப்புறம் நம்ம பெரியவரு டான் லிசாந்த்ரோ, அவரு கைல ஒரு கோழி. கோழிய விடுய்யான்னா விட மாட்டேங்குறாரு. கோழியையும் வாங்கினேன்.

அப்புறம் அவ கை வந்துச்சு. புடிச்சேன். வண்டி பொரண்டுச்சு.

விட்டது நானா, அவளான்னு இன்னைக்கும் தெரியலீங்க.

ரெண்டு நாள் கழிச்சு வண்டிய மாடு கட்டி இழுத்தோம். ஒரு வாரம் காய வச்சேன். எஞ்சின் வெக்கமே இல்லாம ஒரே சாவியில ஸ்டார்ட் ஆச்சு. அந்த இரும்புக் கைய அறுத்து எடுத்தேன். ஸ்டெப்னிய எங்க வைக்கிறது? உள்ளயா? அது அவ எடம். நெரிசல்னா ஜனங்க நின்னுக்கிட்டு வருவாங்களே தவிர, அங்க யாரும் உக்கார மாட்டாங்க. அதான் மூக்கு மேல ஏத்தினேன்.

சூடு ஆறிடுச்சே, வேற ஊத்தட்டுமா?

இங்க யார்கிட்டயும் இதப் பேச முடியாதுங்க. அவ பேர எடுத்தாப் போதும், விடுங்க டான் எவேலியோ, கடவுள் சித்தம்னு சொல்லி மழையப் பத்திப் பேச ஆரம்பிச்சிடுவாங்க. அவங்களும் பாவம், எத்தன தடவ கேப்பாங்க? டான் லிசாந்த்ரோ என்னக் கண்டா அந்தப் பக்கத்து நடைபாதைக்குப் போயிடுறாரு. பாதிரியார் ரெண்டு வருஷம் கேட்டாரு. அப்புறம் அவரும் மழையப் பத்திப் பேச ஆரம்பிச்சிட்டாரு.

வெலையா?

விக்கிறதுக்கில்லீங்க டாக்டர். கோவிச்சுக்காதீங்க. ஆறு மாசத்துக்கு ஒருக்கா பேப்பர்ல விளம்பரம் குடுப்பேன். யாராச்சும் புஸ்தகத்தோட வருவாங்க, ஸ்டெப்னி ஏன் அங்க இருக்குன்னு அவங்களே கேப்பாங்க.