மடிப்புக் கலையாத கால்சட்டை

லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ரயிலில் ஒரு மணி நேரம்தான் ஆகும், இன்ஸ்பெக்டர். அந்த ஒரு மணி நேரமும் நின்றுகொண்டே போவதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. பெட்டி காலியாக இருந்தாலும் நிற்பேன். உட்கார்ந்தால் முழங்காலில் மடிப்பு கெட்டுவிடும்.

உங்களுக்கு இது புரியாது. நீங்கள் போட்டிருக்கும் கோட்டைப் பார்த்தாலே தெரிகிறது; குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். உடையே உயிர் என்று திரியும் எங்களைப் பத்திரிகைகள் 'மாட்' என்கின்றன, ஸ்கூட்டரில் சுற்றும் ரவுடிகள் என்கின்றன. ரவுடித்தனமெல்லாம் கூட்டத்துக்கு. கூட்டத்தில் ஒருவன் இருப்பான். அவன் கோட்டில் மூன்று பட்டன் வைத்தால் அடுத்த சனிக்கிழமை எல்லோருக்கும் மூன்று பட்டன். அவனை 'முகம்' என்போம். மற்றவர்கள் வெறும் 'டிக்கெட்'. கிழக்கு லண்டனில் எங்கள் கூட்டத்துக்கு இரண்டு வருடமாக நான்தான் முகம். எனக்குப் பதினொரு டிக்கெட்டுகள். அமெரிக்காவிலிருந்து புதிதாக ஓர் இசைத்தட்டு வந்தால் நான் தலையாட்டும்வரை ஒருவனும் ஆட மாட்டான். ஆட்டு மந்தைக்காவது பசி என்று ஒன்று சொந்தமாக உண்டு.

டெஸ்மண்ட் அந்தப் பதினொரு பேரில் ஒருவன். இறைச்சிக் கடையில் வேலை. என்னிடம் முதலில் வந்தபோது கறுப்பு பேண்ட்டுக்குப் பழுப்பு ஷூ போட்டிருந்தான். அவனைத் தையல்காரரிடம் கூட்டிப்போய், கோட்டின் பின்பக்கப் பிளவு எத்தனை அங்குலம் இருக்க வேண்டும் என்பதுவரை சொல்லிக்கொடுத்து மனிதனாக்கியது நான்.

அந்த மே மாத விடுமுறைத் திங்கட்கிழமை, காலை ரயிலில் பன்னிரண்டு பேரும் வழக்கம்போல் நின்றுகொண்டிருந்தோம். டெஸ்மண்டின் காதலி கிளெண்டா மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"என்னடா இது, சாவு வீட்டுக்கு வந்த மாதிரி எல்லாரும் நிக்கிறீங்க? டெஸ், வா, வந்து உக்காரு," என்றாள்.

உட்கார்ந்துவிட்டான். அன்றைக்குத்தான் முதன்முதலாகப் போட்ட புது சூட்டோடு.

"டேய், மடிப்பு," என்றேன்.

"கசங்குனா கசங்கட்டும் மெர்வின். காலு என்னோடதுதானே?"

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒருவன் உட்கார்ந்தான். இன்னொருவன். அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் பதினொரு பேரும் உட்கார்ந்து, கசங்கல்தான் இனி நாகரிகம் என்பதுபோல் கால்மேல் கால் போட்டுக்கொண்டார்கள். பிரைட்டன்வரை நான் ஒருவன்தான் நின்றேன்.

"பாருங்கடா, டிக்கெட் பரிசோதகர் வந்திருக்கார்," என்றாள் கிளெண்டா.

எனக்குக் கோபம் வரவில்லை. பொறாமையும் இல்லை. இதை நீங்கள் குறித்துக்கொண்டால் நல்லது.

மதியம் எங்கள் பையன்கள் கடற்கரையில் மோட்டார் சைக்கிள் கும்பலோடு மோதிக்கொண்டிருந்தார்கள். தோல் ஜாக்கெட்டும் எண்ணெய் வழியும் தலையுமாக அந்தக் கும்பல். அவர்களைத் தொட்டு அடிக்கக்கூட எனக்கு மனம் வராது. சாய்வு நாற்காலிகள் பறந்தன. ஊரே அதை வேடிக்கை பார்த்தது. நான் டெஸ்மண்டிடம் தனியாகப் பேச வேண்டும் என்று சொல்லி, கடலுக்குள் நீளும் கல் தடுப்பின் நுனிக்குக் கூட்டிப்போனேன். கல் முழுக்கப் பாசி. அவன் காலில் வழவழவென்று தோல் அடிவைத்த இத்தாலிய ஷூ. அதைப் போட்டுக்கொண்டு கடலுக்கு வருகிறவர்கள் உலகத்திலேயே நாங்கள் மட்டும்தான். வழுக்கிக் கடலில் விழுந்தான். நான் தள்ளவில்லை. எங்கள் கூட்டத்தில் யாருக்கும் நீச்சல் தெரியாது. தலைமுடி கெட்டுப்போகும் என்று ஒருவனும் கற்றுக்கொள்ளவில்லை.

எப்படியோ ஒரு கையை நீட்டி என் கால்சட்டையின் கீழ்விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

நான் மண்டியிட்டு அவனைக் காப்பாற்றப் போராடியதாகக் கரையிலிருந்து பார்த்த ஐஸ்கிரீம்காரர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். டெஸ்மண்டின் அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நீ எனக்கு இன்னொரு பிள்ளைப்பா," என்று அழுதாள். அதோடு விட்டிருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். ஆனால் இப்போது அவன் நினைவாக நூறு பேர் கசங்கிய பேண்ட்டோடு அலைகிறார்களாம். அவன்தான் முகமாம். இறைச்சிக் கடைக்காரன். அதனால்தான் நானாகவே வந்தேன். நடந்தது நடந்தபடி பதிவாகட்டும்.

மண்டியிட்டது நிஜம். நான் குனிந்ததும், இழுத்துவிடப் போகிறேன் என்று நினைத்துவிட்டான், பாவம். உப்புத் தண்ணீரைத் துப்பிக்கொண்டே சிரிக்கக்கூடச் செய்தான்.

"உன் பேண்ட்ட நாசம் பண்ணிட்டேன் மெர்வின். மன்னிச்சிருடா."

"பரவால்லடா," என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அதற்குப் பிறகுதான் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன், சுண்டுவிரலிலிருந்து. பொறாமைக்காரனாக இருந்திருந்தால் அவனை மன்னித்திருப்பேனா, இன்ஸ்பெக்டர்? அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.