பகலில் வராத நெட்

— பீரோவுக்குள்ளயா வச்சிருக்கீங்க?

— ஆமா. அதுல என்ன தப்பு?

— நெட்டுப் பொட்டிய யாராச்சும் இரும்பு பீரோவுல வச்சுப் பூட்டுவாங்களா ஐயா? போன தடவ வந்தப்ப செவுத்துலதானே இருந்துச்சு.

— நீ மாட்டிட்டுப் போயிட்ட கலைச்செல்வா. பக்கத்து வூட்டு மாயவன் மவன் தெனமும் என் செவுத்தோரமா நின்னு செல்போனத் தடவிக்கிட்டு இருக்கான். நான் என்ன காவலா காத்துக்கிட்டு நிப்பேன்?

— அதுக்குத்தான் பாஸ்வேர்டு போட்டுக் குடுத்தேன்.

— அது அவனுக்குத் தெரியாதுன்னு நீ சத்தியம் பண்ணுவியா? பீரோன்னா சாவி என் இடுப்புல இருக்கும்.

— இரும்புக்குள்ள வச்சா சிக்னல் எப்படிங்க வெளிய வரும்?

— வயரு போற சந்து இருக்குதே.

— சுகன்யாக்கா, நீங்களாச்சும் எடுத்துச் சொல்லக் கூடாதா?

— நான் சொன்னா மாமா கேப்பாங்களாண்ணா?

— அவகிட்ட ஏன் கேக்குற? எம் மருமவளுக்கு வேலையே இதுலதான் ஓடுது. காலையில காதுல மாட்டிக்கிட்டு ஒக்காந்தா சாயங்காலம்தான் எந்திரிப்பா. யாருக்கோ இன்சூரன்சாம், எங்கயோ இருக்கிறவனுக்கு இவ பதில் சொல்றா. நடுவுல நடுவுல அந்துபோவுது. திங்கக்கிழமைக்குள்ள லைன் நேராவலன்னா மெட்ராசுக்கே வந்து ஆபீசுல ஒக்காருன்னு அவ மேனேஜர் சொல்லிட்டான். அதான் உன்னையக் கூப்புட்டேன். இல்லன்னா உன் சங்காத்தமே எனக்கு வேணாம்.

— சரிங்க, சாவியக் குடுங்க. பொட்டிய வெளிய எடுத்துருவோம்.

— நானே தொறக்கிறேன். நீ அந்தாண்ட தள்ளி நில்லு. நகையிருக்கு.

— மாமா, மேனேஜர் கூப்புடுறாரு. வூட்டுக்குள்ள டவர் எடுக்காது, நான் மாடிக்குப் போயிட்டு வரேன்.

— போ, போ. ஆளு வந்துட்டான், சரி பண்ணிருவான்னு சொல்லு.

— ம். சொல்றேன் மாமா.

— இந்தா, புடி. பதனமாப் புடி, எம் மவன் இளவரசன் மெட்ராசுலருந்து பணம் அனுப்பி வாங்குனது.

— சரிங்க. ஐயா, வெளிய எடுத்தும் சிவப்பு லைட்டுதான் எரியுது, பாருங்க.

— பொட்டி கெட்டுப்போச்சா?

— பொட்டி நல்லாருக்கு. கரண்டும் ஒழுங்கா வருது. சிவப்பு எரிஞ்சா வெளியிலருந்து வர்ற லைன்ல கோளாறுன்னு அர்த்தம். எப்பல்லாம் போவுது?

— பகல்ல. அவ வேல பாக்குற நேரமாப் பாத்துப் போவுது.

— ராத்திரி?

— ராத்திரி ஜோராக் கெடக்குது. புருசன்காரன் முகத்தப் பாத்துப் பேசுறா, ஒரு தடவ கூட அந்துபோனதில்ல. அவன் அங்க ஓட்டல் சோறு தின்னுக்கிட்டுக் கெடக்கிறான். இவ இங்கருந்து, அந்தச் சட்டையப் போடாத, இந்தச் சட்டையப் போடுன்னு சொல்லிக்கிட்டு இருப்பா.

— பகல்ல மட்டும் போவுதுன்னா ஆச்சரியமா இருக்குங்களே.

— என்ன ஆச்சரியம்? உங்க ஆபீசுக்காரன் பண்ற வேல. மோட்டாருக்கு த்ரீ பேசு கரண்ட மொற வச்சு உடுறான்ல, அந்த மாதிரி இதையும் மொற வச்சு உடுறீங்க. பகல்ல டவுனுக்கு, ராத்திரி எங்களுக்கு. எனக்குத் தெரியாதா?

— நெட்டுல அப்படியெல்லாம் மொற கெடையாதுங்க. இதே கம்பத்துலருந்து மாயவன் வூட்டுக்கும் போவுது. அவங்களுக்குப் பகல்லயும் நல்லாத்தான் வருது.

— பாத்தியா, பாத்தியா. அவன் என்னத இழுக்குறான். அதான் அவனுக்கு நல்லா வருது.

— இழுக்கல ஐயா. வாங்க, கம்பத்துலருந்து வயரப் புடிச்சுக்கிட்டே பாத்துட்டு வருவோம்.

— நீ போ, நான் பின்னாடி வரேன். கம்பத்துல ஏறிக்கிட்டு அங்க சரியாருக்கு, இங்க சரியாருக்குன்னு கத வுடாத. நம்புறதுக்கில்ல உங்கள.

— கம்பத்துல லைன் நல்லா வருதுங்க. இந்த மீட்டரப் பாருங்க.

— எனக்கு அதெல்லாம் படிக்கத் தெரியாது. நீ என்ன சொன்னாலும் நான் தலையாட்டணும். அதானே உங்களுக்கு வசதி.

— சரி, படிக்க வேணாம். வேப்ப மரம் வரைக்கும் வயரு சும்மாத்தான் போவுது, கண்ணாலயே தெரியுதுல்ல. அதத் தாண்டி மாட்டுக் கொட்டா. கொட்டாயிலருந்து வூட்டுக்கு... ஐயா, இது என்ன?

— எது?

— வயர்ல தொங்குதே.

— வெங்காயம். பாத்தா தெரியல? வெத வெங்காயம், தாளோட கொத்துக் கொத்தாக் கட்டி நெழல்ல தொங்க வுட்டுருக்கு. அடுத்த பட்டத்துக்கு ஊனணும்ல.

— அது சரிங்க. நெட்டு வயர்லயா தொங்க வுடுறது? இதுக்குள்ள இருக்கிறது கம்பி இல்லிங்க, கண்ணாடி நாரு. அதுக்குள்ள லைட்டுதான் ஓடுது, மடங்குனா போவாது.

— கண்ணாடியா? கண்ணாடிய எவன்டா ஊர்வழி இழுத்துட்டு வருவான்?

— நெசமாத்தாங்க. நூலு மாதிரி இருக்கும். இதாங்க கோளாறு. கண்டுபுடிச்சாச்சு. யாரு இதக் கட்டுனது?

— எம் மருமவதான். அவளத் திட்டாத. செயங்கொண்டத்துக்காரி, முந்திரித் தோப்புல பொறந்தவ. அவளுக்கு வெங்காயத்தப் பத்தி என்ன தெரியும்? எம் பொண்டாட்டி அமிர்தவல்லி இருந்தவரைக்கும் கொட்டாக்குள்ள அந்த மூங்கில்லதான் கட்டுவா. போன வருசம் அவ போயிட்டா. இவளாத்தான் ஒரு நாள், மாமா, இங்கதான் காத்து நல்லா வருதுன்னு வயர்ல கட்டுனா. சரி, செய்யிற புள்ளயத் தடுப்பானேன்னு வுட்டுட்டேன்.

— அப்படின்னா ராத்திரியும் தொங்கணுமே. ராத்திரி எப்படி லைன் நல்லாருக்கு?

— பனி எறங்கும்ல. சாயங்காலம் வேல முடிஞ்சதும் அவுத்து உள்ள கொண்டாந்துருவா. காலையில வேலைக்கு ஒக்கார்ற முன்ன மறுபடியும் கட்டிருவா. ஒரு நாளு தவற மாட்டா. பொறுப்பான புள்ள.

— தெனமும் வேலைக்கு முன்ன கட்டி, வேல முடிஞ்சதும் அவுக்கிறாங்களா?

— ஆமாங்கிறேன். ஏன் கேக்குற?

— ஒண்ணுமில்லிங்க.

— ஒண்ணுமில்லன்னா ஏன் மாடியப் பாக்குற? சொல்லு.

— போன மாசம் நான் வந்தப்ப நீங்க இல்ல. வெங்காயக் காட்டுக்குப் போயிருந்தீங்க. கொரங்கு புடிச்சு இழுத்து வயரு அந்துபோயிருந்துச்சு. இந்தக் கொட்டா மூலையில ஒட்டுப் போட்டேன். ஒட்டு கொஞ்சம் பதனமா இருக்கணும்னு அக்காவக் கூட்டியாந்து காட்டுனேன்.

— எந்த எடத்த?

— இதோ, இந்தக் கறுப்பு டப்பா. பெரிய கொத்து தொங்குதே, அதுக்கு மேல. இந்த எடத்துல மட்டும் வெயிட்டு ஏறக் கூடாது, ஏறுனா லைன் செத்துரும்னு சொன்னேன்.

— அவ என்ன சொன்னா?

— எவ்வளவு வெயிட்டுன்னு கேட்டாங்க.

— நீ?

— ஒரு சொம்புத் தண்ணி அளவு கூடத் தாங்காதுன்னேன். நான் ஏதோ துணிக் கொடி கிடி கட்டுறதுக்குக் கேக்குறாங்கன்னு நெனச்சேன். மறந்திருப்பாங்க ஐயா.

— மறக்கிறவளா அவ? வந்த மூணாம் நாளே எம் மாத்திர எந்த வேளைக்கு எதுன்னு பாக்காமச் சொன்னவ.

— நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலிங்க.

— நீ ஒண்ணும் சொல்லல. இப்புடி வந்து ஒக்காரு.

— சரிங்க.

— உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?

— ஆயிடுச்சுங்க.

— பொண்டாட்டி எங்க இருக்கு?

— எங்கூடத்தாங்க. குன்னத்துல.

— ம். இவங்களுக்குக் கல்யாணம் ஆயி வருசம் ஒண்ணு ஆகப்போவுது. தாலி கட்டுன கையோட அவன் கூட்டிட்டுப் போறேன்னுதான் சொன்னான். நாந்தான், வூட்டுலருந்தே வேல பாக்கலாம்னு சொல்றாங்கல்ல, பொறவு என்னத்துக்கு மெட்ராஸ், எனக்குச் சோறு யாரு ஆக்குறது, மாட்ட யாரு பாக்குறதுன்னு கேட்டேன். குன்னத்துல உங்க ஆபீசுக்கு நடையா நடந்து இந்த லைன இழுத்தாந்ததும் நாந்தான்.

— அவங்க ஒண்ணும் சொல்லலிங்களா?

— சரிங்க மாமான்னா. என்ன சொன்னாலும் அவ சரிங்க மாமாதான். எனக்கும் அது சௌகரியமா இருந்துச்சு.

— இந்த ஏணியில ஏறிக் கொத்த எறக்கிட்டு ஒட்ட மாத்திப் போட்டா போதுங்க. வேல சீக்கிரம் முடிஞ்சிரும். பச்ச லைட்டு வந்துரும்.

— ஏணிய எறக்கு.

— ஏறத்தாங்க போறேன்.

— எறக்குன்னேன். அதத் தொடாத. வெங்காயம் காயட்டும்.

— திங்கக்கிழமைக்குள்ள சரி பண்ணணும்னு நீங்கதானே...

— நாந்தான் சொன்னேன். நாந்தான் இப்பவும் சொல்றேன்.

— ஆபீசுல என்னன்னுங்க சொல்றது? ஒரு ஒட்டுக்கூட ஒழுங்காப் போடத் தெரியலன்னு எம் பேருதான் கெடும்.

— உம் பேரு எங்கிட்ட என்னைக்கு நல்லாருந்துச்சு? இங்க யாரும் நெட்டு பாக்கப் போறதில்ல, லைன வெட்டிருங்கன்னு நான் கேட்டதாச் சொல்லு. பொட்டிய நீயே எடுத்துட்டுப் போ. இரு, போயிராத. அவ எறங்கி வரா. நீ வாயத் தொறக்காத.

— மாமா, மேனேஜர்கிட்ட பேசிட்டேன். திங்கக்கிழமைக்கு மேல டைம் தர முடியாதுன்னுட்டாரு. கலையண்ணா, சரியாயிடுச்சா?

— அவன ஏன் கேக்குற? என்னையக் கேளு. கம்பம் வரைக்கும் போயி நானே பாத்துட்டேன். இது ஆவுற காரியமில்ல. இளவரசனுக்குப் போன் போட்டு ஞாயித்துக்கெழம வந்து கூட்டிட்டுப் போவச் சொல்லு.

— நான் போயிட்டா உங்களுக்கு யாரு மாமா சோறாக்குறது? மாடு வேற கெடக்கு.

— மாட்ட மாயவன்கிட்ட புடிச்சு வுட்டுக்கிறேன். சோத்துக்கு நான் பாத்துக்குவேன். நீ துணிமணிய எடுத்து வையி. அதுக்கு முன்ன, அந்த வெங்காயத்த அவுத்து மூங்கில்ல கட்டிரு. இனிமே அது வயர்ல தொங்க வேண்டியதில்ல.