கிளிப்பச்சையும் ரோஸும் பட்டை போட்ட வண்டி

என் பெயர் ஷில்னா. தந்தை பெயர் சுகுமாரன். வயது இருபத்தொன்பது. கோழிக்கோடு எலத்தூரில் குடியிருக்கிறேன். தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை பார்க்கிறேன். கடற்கரையில் உப்பிலிட்ட மாங்காய், நெல்லிக்காய் விற்கும் வாதி ஆமினாவைச் சிறு வயது முதல் அறிவேன்; அக்கா என்ற பொருளில் இத்தா என்றே அழைப்போம். பிரதிவாதி ப்ரஜோஷுக்கும் எனக்கும் திருமணம் நிச்சயமாகியுள்ளது. உண்மையே சொல்வதாக உறுதியேற்று நீதிமன்ற ஆணையர் முன் சொல்வதாவது:

வாதியின் வண்டிகள் கிளிப்பச்சையும் ரோஸும் மாறிமாறிப் பட்டை போட்டவை. கூரைத்துணியும் காகிதக் கிண்ணமும் அப்படியே. அந்த நிறச் சேர்க்கையை அவர் டிரேட் மார்க்காகப் பதிவு செய்திருந்தது எனக்கு அப்போது தெரியாது. பெயர்ப் பலகையை எங்களில் யாரும் படிப்பதில்லை. பட்டையைப் பார்த்து நடப்போம்.

சென்ற ஓணம் முடிந்த ஞாயிறு மாலை, கலங்கரை விளக்கத்தின் பக்கம் அந்தப் பட்டை தெரிந்ததால் போய் மாங்காய் வாங்கினேன். காந்தாரி மிளகாயின் காரமே இல்லை. "ஆமினாத்தாவுக்கு உடம்பு சரியில்லையா? மாங்கா சப்புன்னு இருக்கே?" என்று கேட்டேன். வண்டியில் நின்ற பிரதிவாதி, "இத்தா நல்லாத்தான் இருக்காங்க. இது என் கடை. பேரு அங்க எழுதியிருக்கு பாருங்க" என்றார். "அவ்வளவு சின்னதா எழுதினா எறும்புதான் படிக்கும்" என்றேன். அவர் சிரித்தார். அதனால் கோபம் அதிகமாகி, வாதியின் முகநூல் பக்கத்தில், "உங்க கலர்ல ஒருத்தன் மாங்காயைக் கொலை பண்றான்" என்று எழுதினேன்.

அதன் பிறகு ஒருநாள் அம்மாவுடன் கோயிலிலிருந்து திரும்பும் வழியில், வண்டியின் பின்புறமாக வந்ததால் ஆளைப் பார்க்காமல், பட்டையை நம்பி மறுபடி அதே வண்டிக்குப் போய்விட்டேன். "இன்னிக்கும் வழி தப்பிடுச்சா?" என்று கேட்ட பிரதிவாதி, "சரி, என்ன குறையுதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றார். சொன்னேன். அம்மா இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். அடுத்த வாரம் மூன்றாம் முறை சென்றேன். அம்முறை தவறுதலாகச் செல்லவில்லை.

அதன் பிறகு இரு வீட்டாரும் பேசி முடித்தனர். அதற்குள் வாதி வழக்குத் தொடர்ந்திருந்தார். நான் எழுதியதைக் கண்டு, என்னைச் சாட்சியாக அழைத்தார். சம்மன் வந்த அன்று பிரதிவாதியிடம் காட்டினேன். "பெயிண்டர் நல்ல கலர்னான், அடிச்சேன். கலரையெல்லாம் பதிவு பண்ணுவாங்கன்னு யாருக்குத் தெரியும்?" என்றார். "நோட்டீஸ் வந்தப்புறமாவது மாத்தியிருக்கலாம்ல?" என்றேன். "யாரும் ஏமாறலேன்னு காட்டினா போதும்னு வக்கீல் சொன்னாரு." "நான் ஏமாந்தேனே ஏட்டா." அவர், "அதையே சொல்லு. நீ ஏமாறலேன்னு ஆயிட்டா அப்புறம் நாம எப்படிச் சந்திச்சோம்னு ஊருக்கு என்ன கதை சொல்றது?" என்றார். அன்றைய வியாபாரத்தை விட்டுவிட்டு இருவரும் வெகுநேரம் சிரித்தோம்.

இன்று பிரதிவாதியின் வழக்கறிஞர், "சுவைத்ததும் வேறு கடை என்று தெரிந்துகொண்டீர்கள் அல்லவா? பிறகு ஏமாந்ததாக எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். வாயில் வைத்த பிறகுதான் தெரிந்தது, அங்கே என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது நிறம்தான் என்று பதில் சொன்னேன். அப்போது பிரதிவாதி எழுந்து, வண்டிக்கு நீலமும் மஞ்சளும் அடித்துவிடுவதாகத் தாமாகவே சொன்னார்.

அதைக் கேட்ட வாதி என் கையைப் பிடித்து, "கல்யாணம் எப்போ மோளே?" என்றார். மேடம் மாதம், அதாவது சித்திரையில் என்றேன். "பந்திக்கு மாங்காயும் நெல்லிக்காயும் என் வண்டியிலேருந்துதான்" என்றார். பிரதிவாதி, "மாப்பிள்ளை வண்டி சும்மா நிக்குமா இத்தா?" என்று கேட்டார். வாதி அவரை மேலும் கீழும் பார்த்து, "கொண்டா. இந்தப் பக்கம் என்னோடது, அந்தப் பக்கம் உன்னோடது. எது முதல்ல காலியாகுதுன்னு பாத்துடலாம்" என்றார். முதல் அழைப்பிதழை வாதியின் பெயருக்கே எழுதவிருக்கிறோம். ஆணையருக்கும் அழைப்பு உண்டு.

வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. என் அறிவுக்கு எட்டியவரை அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) எஸ். ஷில்னா