சுகர்காரர்கள் மட்டும்

நேற்று கொல்கத்தாவில், காளிகாட் போகும் மெட்ரோவில் என் எதிரே இரண்டு தமிழ்ப் பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“பிஜோயா விருந்துக்கு சுகர் இருக்கறவங்களை மட்டும்தான் கூப்பிட்டேன்” என்றார் மூத்தவர்.

“ஏன்க்கா அப்படி?”

“துர்கா பூஜை முடிஞ்சதும் பிஜோயான்னு வீடு வீடா கூப்பிட்டு ஸ்வீட் குடுப்பாங்கல்ல? எனக்கு சுகர் வந்ததிலேருந்து, பாவம், சாப்பிடமாட்டாளேன்னு ஒருத்தரும் கூப்பிடறதில்ல. ரெண்டு வருஷம் தனியாவே கிடந்தேன். இந்தத் தடவை சுண்டல் பண்ணி, சுகர்காரங்க மட்டும் வரலாம்னு லிஃப்ட்ல எழுதி ஒட்டிட்டேன்.”

“வந்தாங்களா?”

“பதினோரு பேர்! அத்தனை பேரும் என்னை மாதிரியே கதவைச் சாத்திட்டு உட்கார்ந்திருந்தவங்கதான். எதிர் ஃபிளாட் பெங்காலிக்காரி, தனக்கு சுகர் இல்ல, வரலாமான்னு கேட்டா.”

“என்ன சொன்னீங்க?”

“உட்கார இடமில்லன்னேன். வீட்டுலேருந்து நாற்காலியைத் தூக்கிட்டு வந்துட்டா!”