முதல் மீன்

— அந்தக் கையால எனக்கு டீ ஊத்தாதீங்க சகலை.

— ஏன், கைக்கு என்ன வந்துச்சு?

— இப்பத்தான் ஒரு புழுவைப் பிச்சு முள்ளுல கோத்தீங்க. பாதி உங்க நகத்துக்குள்ள இருக்கு.

— பாரு தம்பி, புழு சுத்தமான ஜீவன். நேத்து ராத்திரி பூரா நாம தங்கியிருக்கற ஏரிக்கரை வாடகை வீட்டு ஃப்ரிட்ஜுலதான் இருந்துச்சு, ஜில்லுன்னு.

— தெரியும். பால் பாத்திரத்துக்குப் பக்கத்துல. காலையில அந்த டப்பாவைத் திறந்து பார்த்ததுல இருந்து வயித்தைப் புரட்டுது.

— நீ ஆஸ்பத்திரி லாண்டரியில வேலை பார்க்கறவன்தானே? ரத்தமும் சீழுமா மூட்டை மூட்டையா வெளுக்கற. ஒரு புழுவுக்கா இந்தப் பாடு? நீ முன்னாடி உக்காந்திருக்க, எனக்கு உன் முதுகுதான் தெரியுது. ஆனா மூஞ்சியைச் சுளிக்கறது காது வரைக்கும் தெரியுது.

— அது நோயாளியோட அழுக்கு. அதைப் பார்த்து எனக்கு ஒரு நாளும் குமட்டினது இல்ல. இது வேற.

— எது வேற?

— இந்த ஏரி, இந்தப் பிளாஸ்டிக் ஓடம், இந்தப் பந்தயம். எல்லாந்தான்.

— ஓடம் இல்ல, கயாக். பேசிக்கிட்டே துடுப்பை நிறுத்தாதே. இது கரையில குந்திக்கிட்டுப் போடற தூண்டில் இல்ல. படகு மெதுவா போயிட்டே இருக்கணும், தூண்டில் நரம்பு பின்னாடி இழுபட்டுட்டே வரணும். அப்பத்தான் நுனியில இருக்கற தகடு தண்ணிக்குள்ள குட்டி மீன் மாதிரி ஆடும். டிரவுட் மீன் ஏமாந்து வந்து கவ்வும். நிறுத்தினா தகடு அடியில போய்ப் படுத்துக்கும்.

— விரல் விறைச்சுப் போச்சு. துடுப்பு வழியா வர்ற தண்ணி சட்டைக் கைக்குள்ள ஓடி அக்குள் வரைக்கும் நனைஞ்சாச்சு.

— தண்ணி இப்படி இருந்தாத்தான் டிரவுட் இருக்கும். விழுந்து கிழுந்து தொலைக்காதே, உன் பொண்டாட்டிக்கு என்னால பதில் சொல்ல முடியாது.

— விழுந்தா நல்லதுதான். பந்தயம் இல்லைன்னு ஆயிடும்.

— ஆமா, உன் தகட்டை எப்பத் தண்ணியில போட்ட? நான் திரும்பறதுக்குள்ள விட்டுட்ட. கண்ணுலயே காட்டல.

— நீங்க லைஃப் ஜாக்கெட் பெல்ட்டோட மல்லுக்கட்டிட்டு இருந்தீங்க. உங்க தொப்பைக்கு அது எட்டல.

— சரி சரி. இன்னொரு தரம் பேசிக்குவோம், அப்புறம் மாத்திப் பேசக்கூடாது. யாரோட தூண்டில்ல முதல் மீன் ஏறுதோ அவனுக்கு விடுதலை. இன்னொருத்தன் வீட்டுக்கு மாமியார் போகும்.

— போவாங்க.

— என்னது?

— போகும் இல்ல. போவாங்க.

— போவாங்க, போவாங்க. மாமனார் செத்ததுல இருந்து நான்தானே வச்சுப் பார்க்கறேன். இனிமே உன் முறைன்னு நேராச் சொன்னா உன் பொண்டாட்டி மூக்கைச் சிந்துவா, எங்களுக்கு ரெண்டே ரூமுன்னு. என் பொண்டாட்டி, அம்மாவைத் தங்கச்சி தலையில கட்டிட்டான்னு நாலு பேர் பேசுவாங்களேன்னு அழுவா. பந்தயம்னா யாருக்கும் மனஸ்தாபம் இல்ல. விளையாட்டா முடிஞ்சிடும். சிம்பிள்.

— நேத்து சாப்பாட்டு மேசையில, சீட்டாட்டத்துக்குக் கூப்பிடற மாதிரி கூப்பிட்டீங்க. அத்தை அங்கேயே உக்காந்து பூண்டு உரிச்சிட்டு இருந்தாங்க.

— அதுக்குத்தான் காது கேக்காதே. என் வீட்டுல எல்லாத்தையும் அது முன்னாடிதான் பேசுவோம். கதவைச் சாத்தற வேலை மிச்சம்.

— சே.

— என்ன சே? நீயும்தானே சரின்னு தலையாட்டின?

— ஆட்டினேன். என் பொண்டாட்டி மேசைக்குக் கீழே என் காலை மிதிச்சா, நான் மேல தலையை ஆட்டினேன். அதை நினைச்சா உங்க புழு எவ்வளவோ தேவலாம்னு இருக்கு.

— அப்புறம் எதுக்கு உத்தமன் வேஷம்? பாரு தம்பி, நாம ரெண்டு பேரும்... உன் கம்பு. டேய், உன் கம்பு வளையுது. ரீலைச் சுத்து, சுத்து.

— போயிடுச்சு.

— எப்படிப் போகும்? கம்பு நுனி தண்ணியைத் தொட்டுச்சே.

— போயிடுச்சு சகலை. விடுங்க.

— அதுவும் நல்லதுக்குத்தான். அந்தப் பாறை ஓரமா விடு. அங்க ஆழம் ஜாஸ்தி.

— ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. போன தடவை உங்க வீட்டுக்கு வந்தப்ப பார்த்தேன். அத்தை ஹாலைத் தாண்டிப் போனாங்க, நீங்க பின்னாடியே போய் ஸ்ப்ரே அடிச்சீங்க. கரப்பான்பூச்சிக்கு அடிக்கற மாதிரி.

— அது வாசனை ஸ்ப்ரே. விலை உசந்தது. நான் டைல்ஸ் ஷோரூம் நடத்தறவன். வீட்டுக்கு இன்ஜினீயர் வருவான், பில்டர் வருவான். ஹால்ல கிழட்டு வாடை அடிச்சா என்ன நினைப்பான்?

— அத்தை மேல எந்த வாடையும் இல்ல. வாடைக்கு நடுவுல பொழைக்கறவன் சொல்றேன். கொஞ்சம் தைலம், அவ்வளவுதான்.

— கூட இருந்து பாரு, அப்பத் தெரியும். நாங்க ஒரு குறையும் வைக்கல. தனித் தட்டு, தனி டம்ளர், எல்லாம் தனியா வாங்கி வச்சிருக்கோம்.

— அதையும் பார்த்தேன். சிங்குக்குக் கீழே, பினாயில் பாட்டிலுக்குப் பக்கத்துல.

— இடம் வேணுமில்ல? வேற எங்க வைக்கறது?

— உங்க தட்டு எங்க இருக்கு?

— அலமாரியில.

— அங்க வைக்கறது.

— ரொம்பப் பேசற. துடுப்பைப் போடு. இந்தா, ரொட்டி தின்னு.

— எந்தக் கையால பிச்சீங்க?

— ஐயோ சாமி, பட்டினியாவே கெட. பாரு, மறுபடியும் உன் கம்பு. இந்தத் தடவை பெருசு. கையில எடு, எடு.

— எடுத்துட்டேன்.

— என்ன?

— போயிடுச்சு.

— உனக்கு எங்கயோ மச்சம் இருக்கு. ரெண்டு தடவை உன் பக்கமே வருது, என் பக்கம் ஒரு கடி இல்ல. பாரு தம்பி, மீன் படகுக்குள்ள வந்தாத்தான் கணக்கு. சும்மா அடிச்சிட்டுப் போறதெல்லாம் சேராது.

— சேர்க்க வேண்டாம்.

— ஒருவேளை நீ முதல்ல பிடிச்சிட்டா, மூணுல ரெண்டு யாரு பிடிக்கறாங்கன்னு மாத்திக்கலாம். என்ன சொல்ற?

— இப்பத்தான் மாத்திப் பேசக்கூடாதுன்னீங்க.

— சும்மா கேட்டேன்.

— பயப்படாதீங்க சகலை. நீங்கதான் ஜெயிப்பீங்க.

— வாய் முகூர்த்தம் பலிக்கட்டும்... வந்துச்சு. வந்துச்சுடா. நீ துடுப்பை நிறுத்தாதே, நரம்பு தொய்யக்கூடாது. அப்படித்தான். மெதுவா, மெதுவா. கைவலை எங்க? உன் காலுக்குக் கீழே. கொடு, சீக்கிரம். ஆங். ஏறிடுச்சு. பாரு அதோட பளபளப்பை, உடம்பு பூரா புள்ளி.

— எதுக்கு இப்ப அதை அடிக்கறீங்க?

— துள்ளிக் குதிச்சுத் தண்ணிக்குள்ள போயிட்டா? மண்டையில ரெண்டு போட்டாத்தான் அடங்கும்.

— என் பின்கழுத்துல தெறிக்குது.

— துடைச்சுக்க. முதல் மீன் யாருது? வாய்விட்டுச் சொல்லு.

— உங்களுது.

— அப்ப மாமியார் யாரோடது?

— எங்களோட இருப்பாங்க.

— ஞாயித்துக்கிழமை பெட்டியோட கொண்டு வந்து இறக்கிடறேன். தட்டு, டம்ளர், ஸ்ப்ரேயில மிச்சம் இருக்கறது, எல்லாம் சேர்த்துத் தரேன்.

— ஆள் மட்டும் வந்தாப் போதும்.

— கோவமா? விளையாட்டு விளையாட்டா இருக்கணும். சரி, நரம்பைச் சுத்து, கரைக்குப் போவோம். இரு, சுத்தாதே. உன் நரம்பு பின்னாடி வந்து என் சுக்கான்ல மாட்டியிருக்கு. நான் எடுத்து விடறேன்.

— நீங்க விடுங்க. நான் அறுத்துடறேன்.

— எதுக்கு அறுக்கணும், நல்ல தகடு. இதோ வந்துடுச்சு. தம்பி.

— சொல்லுங்க.

— இதுல முள்ளு இல்ல.

— தெரியும்.

— தெரியுமா? வெறும் தகட்டையா விடிஞ்சதுல இருந்து இழுத்துட்டு வர? அதான் ரெண்டு தடவையும் கவ்விட்டுப் போயிடுச்சா?

— ஆமா.

— அப்ப நீ வேணும்னே தோத்திருக்க. எனக்குப் பிச்சை போடறியா? கரையில போய், பெரியவன் கைவிட்டான், சின்னவன் தாங்கிட்டான்னு பேர் வாங்கலாம்னு பார்க்கற, அப்படித்தானே?

— அவ்வளவு நல்லவன் இல்ல சகலை நான். ஜெயிக்கணும்னுதான் கிளம்பினேன். நேத்தே அந்தத் தகட்டைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி, முள்ளு கூரா இருக்கான்னு தடவிப் பார்த்து வச்சேன். கழட்டினது நான் இல்ல.

— பின்ன யாரு?

— நீங்க கயாக்கைத் தண்ணிக்கு இழுத்துட்டுப் போனப்ப, பின்வாசல் படியில அத்தை நின்னாங்க. முந்தானை நுனியில எதையோ முடிஞ்சு வச்சிருந்தாங்க. அவிழ்த்து என் கையில வச்சாங்க. என் முள்ளு. தகட்டோட முள்ளைச் சேர்க்கற வளையத்தை நகத்தாலயே நெம்பிக் கழட்டியிருக்காங்க போல, கட்டைவிரல்ல ரத்தம்.

— கதை விடாதே.

— என் சட்டைப் பையில இருக்கு, கையை விட்டுப் பாருங்க. ஏரி நடுவுக்கு வர்ற வரைக்கும் அதைத் திரும்ப மாட்டிடலாமான்னு எத்தனை தடவை பையைத் தொட்டேன்னு எனக்குத்தான் தெரியும். முதல் மீன் அடிச்சப்பக்கூட, ஐயோ போச்சேன்னுதான் இருந்துச்சு. காலையில இருந்து எனக்குக் குமட்டினது உங்களைப் பார்த்து மட்டும் இல்ல.

— அவங்களுக்கு எப்படிடா பந்தயம் தெரியும்? காதுதான் கேக்காதே.

— நானும் அப்படித்தான் நினைச்சு, நேத்து மேசையில அவங்க முன்னாடியே தலையாட்டினேன்.

— என்ன சொன்னாங்க உன்கிட்ட? தம்பி, திரும்பு. என்னதான் சொன்னாங்க?

— ‘எல்லாம் நல்லாவே கேக்கும் மாப்பிள்ளை. கேக்காதவளா இருந்தாத்தான் அந்த வீட்டுல சோறு இறங்குது. நீங்க எப்படியாவது தோத்துட்டு வந்துடுங்க’ன்னாங்க.