வெளியே தெரியாத கவசம்

— இன்னும் கொஞ்சம் பெருசாத் திற. அடியே சுவரு, ஹாக்கி கோல்ல நின்னு எங்களையெல்லாம் பாத்துக் கத்துவியே, அப்படித் திற. ம், அவ்வளவுதான். இந்த ட்ரேயை மேல் பல்லுல வச்சு அழுத்தறேன். பசை சில்லுனு இருக்கும். மூக்கால மூச்சு விடு.

— ம்ம்.

— பேசாத, அச்சு கலைஞ்சிடும். காலேஜ் டீம்ல உன் வாயை அடைக்க ஒருத்தியாலயும் முடியல. இன்னிக்குத்தான் எனக்கு அந்த பாக்கியம். இத்தனை வருஷமா ஒரு போன் கிடையாது, நல்லது கெட்டது எதுவும் தெரியாது. திடீர்னு பேஷன்ட்டா வந்து உக்காந்திருக்க. வாசல்ல பாத்தப்போ யாரோ வயசானவங்கன்னு நெனச்சேன். கோவிச்சுக்காத.

— ம்ம்ம்.

— சிரிக்காதன்னு சொல்றேன்ல! சரி, இறுகிடுச்சு. எடுக்கறேன். இந்தா தண்ணி, கொப்பளிச்சுத் துப்பு.

— குருவி, எப்ப கிடைக்கும் இது?

— டாக்டர்னு கூப்பிடுடி. குருவிங்கற காலேஜ் பட்டப்பேரு நர்ஸ் காதுல விழுந்தா என் மானம் போயிடும். இந்த அச்சுல மாவுக்கட்டு மாவைக் கரைச்சு ஊத்தி உன் பல்லை அப்படியே வார்க்கணும். அதுக்கு மேல பிளாஸ்டிக் ஷீட்டைச் சூடு பண்ணி அழுத்தினா பல்லுக்குக் கவசம், உன் மவுத்கார்டு ரெடி. அடுத்த வாரம் வா.

— இன்னிக்கே முடியாதா?

— ஏன், நாளைக்கு மேட்சா? ஆமா, எந்த டீமு? நம்ம வயசுல எவ விளையாடறா?

— எங்க ஏரியாவுல... சும்மா, நாலு பொம்பளைங்க சேந்து.

— ஹாக்கியா? கோல்லதான் நிக்கறியா?

— வேற எங்க நிக்கப் போறேன். எனக்கு அதுதானே தெரியும்.

— அடி சக்க! கலர் என்ன வேணும்? சிவப்பு, நீலம், எல்லாம் இருக்கு. சின்னப் பசங்க புலிப்பல்லு வரைஞ்சு கேக்கறாங்க.

— கலர் வேணாம். கண்ணாடி மாதிரி, வெளிய தெரியாம இருந்தா போதும். அதப் போட்டுக்கிட்டா பேச்சு சரியா வருமா? சமைக்கும்போது, துணி மடிக்கும்போதெல்லாம் போட்டுக்கலாமா?

— ஏய், எந்த கிரவுண்டுல சமைக்கறாங்க?

— சும்மா கேட்டேன். விடு.

— விட மாட்டேன். கோல்கீப்பருக்கு மூஞ்சி முழுக்க ஹெல்மெட். முன்னால கம்பி வலை. நம்ம டீம்ல பல்லைப் பத்திக் கவலையே படாதவ நீ ஒருத்திதான். பந்து பட்டுப் பல்லு போனது எனக்கு. அந்த வலியில பாத்த டாக்டரம்மாவாலதான் நான் இந்த வேலைக்கே வந்தேன். உனக்கு எதுக்குடி மவுத்கார்டு?

— அந்த லைட்டைக் கொஞ்சம் தள்ளேன். கண்ணு கூசுது.

— தள்ள முடியாது. வாயைத் திற. உதட்டைத் தூக்கிப் பாக்கறேன், வலிச்சா சொல்லு. இங்க உள்பக்கம் கிழிஞ்சு ஆறியிருக்கு. பக்கத்துல இன்னொண்ணு, இது புதுசு. இந்த முன்பல்லு ஆடுது.

— கதவுல இடிச்சுக்கிட்டேன்.

— இந்த நாற்காலியில உக்காந்து கதவு மேல பழி போட்ட பொம்பளைங்க நிறைய பேரு. எந்தக் கதவுக்குடி விரல் இருக்கு? கன்னத்துல தடம் தெரியுது. பவுடர் அப்பினா தெரியாதுன்னு நெனச்சியா? உன் புருஷன் எப்ப இருந்து கை நீட்டறான்?

— சத்தம் போடாத. வெளிய ஆளுங்க இருக்காங்க.

— இருக்கட்டும். குடியா?

— குடின்னா அந்த நேரம் பாத்து ஒதுங்கிடுவேனே. கோவம், குருவி. வந்துட்டா கண்ணு மண்ணு தெரியாது. முன்னெல்லாம் தட்டு டம்ளர் பறக்கும், அதோட சரி. இப்பத்தான் இப்படி. அப்புறம் ஒரே அழுகை. ஐஸ் கட்டியைத் துணியில சுத்தி எடுத்துட்டு வந்து நிக்கும்போது, அந்த மூஞ்சியைப் பாத்தா பாவமா இருக்கும்.

— பாவமாம்! எவ்வளவு வேகமா வந்த பந்தையெல்லாம் நெஞ்சுல வாங்கித் தள்ளினவ நீ. தடுக்கத் தெரியாதா உனக்கு?

— தடுக்கத்தானே இதக் கேக்கறேன்.

— ஐயோ, அப்படிச் சொல்லாதடி.

— ஒரு தடவை நானும் கை ஓங்கினேன். கை இறங்கல. அந்த முகத்துல அடிக்க எனக்கு வரல. சரி, பல்லையாவது காப்பாத்திக்கலாம்னு வந்தேன். வீங்கினா நாலு நாள்ல வத்திடும். பல்லு போனா ஸ்கூல்ல பிள்ளைங்க முன்னாடி எப்படி நின்னு பாடம் எடுப்பேன்?

— நான் செய்ய மாட்டேன். இந்த அச்சைக் குப்பையில போடறேன். நீ அடி வாங்க வசதி பண்ணித் தரவா நான் படிச்சேன்?

— போடாத. உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன். வெந்நீர்ல போட்டுக் கடிக்கற மவுத்கார்டு கடையில விக்குதே, அதை வாங்கிப் பாத்தேன். குமட்டுது, வாயில நிக்கல. அதான் உன்னைத் தேடிக்கிட்டு வந்தேன்.

— எந்திரி. போலீஸுக்குப் போலாம். நானே கூட வரேன்.

— வேணாம். வாழ்க்கையே வீணாப் போயிடும்.

— இப்ப மட்டும் உன் வாழ்க்கை என்ன வாழுது?

— என்னைச் சொல்லல.

— அடச்சீ, உன்னைத் திருத்த முடியாது. சரி, போலீஸ் வேணாம். ஆனா இனி அந்த வீட்டுக்குப் போகாத. என் வீட்டு மாடி ரூம் சும்மாதான் கிடக்கு. கட்டின புடவையோட வா, போதும்.

— நான் வந்துட்டா சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவான்? அடுப்பு பத்த வைக்கக் கூடத் தெரியாது.

— பட்டினி கிடக்கட்டும்! மூஞ்சியை உடைக்கறவனுக்குச் சோறு ஆக்கிப் போடணுமாம், அவன் வாழ்க்கை வீணாப் போகுதேன்னு அழணுமாம். நீ என்ன அவனைப் பெத்த அம்மாவா?

— ஆமா, குருவி. அவரு போய்ச் சேந்து மூணு வருஷமாச்சு. அடிக்கறது என் பையன்.